மழையில் டைம் டிரையல்: வாசகர் கேள்வி – பதில்

ஐப்பசி மழை இறங்கியதும் சைக்கிள் பந்தயக் கேள்விகள் சேர ஆரம்பித்துவிட்டன. பெரும்பாலும் டைம் டிரையல் பற்றியவை. ஒருவர் கிளம்பி ஒரு நிமிடம் கழித்து அடுத்தவர் கிளம்பி, யார் முதுகுக்குப் பின்னாலும் ஒதுங்காமல் கடிகாரத்தோடு மட்டும் மோதும் போட்டி இது. ஈரச் சாலை சம்பந்தமான கேள்விகளை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம்.

20 கிலோமீட்டர் போட்டிக்குப் பேர் குடுத்திருக்கேனுங்க. காய்ஞ்ச ரோட்டுல 33 நிமிஷம் சொச்சத்துல முடிச்சுருவேன். மழை வந்தா எவ்வளவு மெதுவா ஓட்டறது?
– வாசகர், உடுமலைப்பேட்டை

நேர் சாலையில் மெதுவாக ஓட்டவே வேண்டாம். திரும்பும் இடத்தில் மட்டும் தயங்காமல் வேகத்தைக் குறையுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஈரத்தைப் பார்த்த பயத்தில் முழுத் தூரத்தையும் அரை மனதாக மிதித்துவிட்டு, போன நேரத்தைப் பிடிக்க யூ டர்னில் பாய்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் வேகம் மணிக்கு 36 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 10 மீட்டர். மொத்தம் 2,000 வினாடி. இந்த வேகத்தில் உங்கள் உழைப்பில் பெரும்பங்கு காற்றைத் தள்ளவே போகிறது. அதற்கு வேண்டிய சக்தி வேகத்தின் மும்மடியாக ஏறும். ஆகவே மிதிப்பதில் 5 சதவீதம் குறைத்தால் வேகம் 1.7 சதவீதம் போலக் குறையும். கடைசியில் 34, 35 வினாடி கையை விட்டுப் போயிருக்கும். இப்போது வளைவுக்கு வருவோம். 60 மீட்டர் தூரத்தை 26 கிலோமீட்டர் வேகத்துக்குப் பதில் 20-இல் கடந்தால் நட்டம் இரண்டரை வினாடி. பாதையில் ஒரு யூ டர்னும் நாலு திருப்பமும் இருந்தாலும் 12, 13 வினாடிதான். விழுந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கணக்கே தேவையில்லை.

எவ்வளவு குறைப்பது? வளைவின் ஆரம் 10 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த தாரில் உராய்வுக் கெழு (டயர் சாலையைப் பிடிக்கும் அளவு) 0.7 என்றால் மணிக்கு 30 கிலோமீட்டர் வரை டயர் பிடிக்கும். நனைந்து 0.4-க்கு இறங்கினால் எல்லை 22. டிவைடர் இடைவெளியில் திரும்பும் யூ டர்னுக்கு 5 மீட்டர் ஆரம்தான் கிடைக்கும். அங்கே எல்லை 15, 16. இவையெல்லாம் வழுக்கத் தொடங்கும் வேகங்கள். அதற்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் கீழே இருந்துகொள்ளுங்கள். வேகத்தை வளைவுக்கு முன்பே, வண்டி நிமிர்ந்திருக்கும்போதே குறைத்துவிட வேண்டும். சாய்ந்த பிறகு முன் பிரேக்கைத் தொட்டால் முன் சக்கரம் வெளியே ஓடிவிடும். திரும்பும் பக்கத்து பெடல் மேலே, வெளிப்பக்கத்து பெடல் கீழே, உடம்பின் எடை அந்தக் கீழ் பெடலில். வண்டி முழுக்க நிமிர்ந்த பிறகுதான் அழுத்தி மிதிக்கலாம்.

தார் மட்டும்தான் சாலை என்று நினைக்காதீர்கள். வெள்ளைக் கோடும் வரிக்குதிரைக் கடப்பும் நனைந்தால் பாசி பிடித்த படிக்கட்டு மாதிரி. சாக்கடை மூடி, பாலத்து இரும்பு இணைப்பு, ரயில்வே கேட் தண்டவாளம் எல்லாமே அப்படித்தான். தண்டவாளத்தைச் செங்குத்தாகக் கடக்க வேண்டும்; கடக்கும்போது பிரேக்கும் கூடாது, அழுத்தி மிதிப்பதும் கூடாது. நம் பகுதிக்கென்றே சில தொல்லைகள் உண்டு: காட்டிலிருந்து ஏறிய டிராக்டர் சக்கரம் விட்டுப்போன கரிசல் சேறு, தென்னைநார் லாரியிலிருந்து கொட்டிய நார்க்கழிவு, காற்றில் விழுந்து கிடக்கும் தென்னை மட்டை, பஸ் நிறுத்தத்தில் சொட்டிய டீசல். நாலைந்து நாள் வெயிலுக்குப் பிறகு விழும் முதல் தூறல்தான் மிக மோசமானது. படிந்திருந்த எண்ணெயும் தூசியும் குழைந்து மேலே வரும். அரை மணி நேரம் நன்றாக அடித்து ஊற்றினால் சாலை ஓரளவு கழுவப்பட்டுவிடும். தேங்கிய தண்ணீருக்குள் குழி இருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு விலகிப் போங்கள். பந்தயத்துக்கு முந்தைய நாள் பாதையை ஒருமுறை ஓட்டி, வர்ணம் அடிக்காத வேகத்தடைகளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

தேர்ந்தவர்களுக்கும் இதே விதிதான். பல நாள் நடக்கும் பெரிய சைக்கிள் பந்தயமான டூர் டி பிரான்ஸ், 2017-இல் ஜெர்மனியின் டுசெல்டார்ஃப் நகரில் 14 கிலோமீட்டர் டைம் டிரையலுடன் மழையில் தொடங்கியது. ஸ்பெயினின் அலெஹாந்த்ரோ வால்வெர்டே ஒரு வளைவில் வழுக்கித் தடுப்பில் மோதினார். முழங்கால் சில்லு உடைந்து, முதல் நாளே அவருடைய டூர் முடிந்தது.

மழைக்குக் காத்து எவ்வளவு அடிக்கணும்? கோடு போட்ட டயர் வாங்கணுமா?
– வாசகர், பொள்ளாச்சி

கோடு தேவையில்லை. தண்ணீர்ப் படலத்தின் மேல் மிதந்து வழுக்குவது கார் டயருக்கு நேர்வது. சைக்கிள் டயர் ஒடுக்கமானது, அழுத்தம் மிக்கது. நாம் ஓட்டும் வேகத்தில் தண்ணீரைப் பிளந்து தாரைத் தொட்டுவிடும். பிடிப்பைத் தருவது ரப்பரின் மென்மையும் காற்றின் அளவும்தான். பல வருடம் அட்டாலியில் கிடந்து இறுகிப்போன டயரை மழையில் நம்பாதீர்கள்.

65 முதல் 70 கிலோ எடையுள்ளவர் 25 மில்லிமீட்டர் டயரில் முன்னே 80, பின்னே 85 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) வைப்பவராக இருந்தால், மழைக்கு 74, 79 போதும். 28 மில்லிமீட்டர் என்றால் முன்னே 63, பின்னே 68. ட்யூப் போட்ட டயரில் இதற்கும் கீழே இறக்கினால் குழியில் விழும்போது ட்யூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை விழும். கொக்கி விளிம்பு இல்லாத புது வகை ரிம் வைத்திருப்பவர்கள் எந்தக் காலத்திலும் 72 பி.எஸ்.ஐ.யைத் தாண்டக் கூடாது. டயர் கழன்று வந்துவிடும். அளவுமானி உள்ள பம்பில் அடியுங்கள். கட்டை விரலால் அமுக்கிப் பார்த்து 74-க்கும் 85-க்கும் வித்தியாசம் சொல்ல முடியாது.

மழையில் பஞ்சரும் கூடும். கண்ணாடிச் சில்லையும் வெங்கச்சாங்கல்லையும் தண்ணீர் ஓரத்துக்கு ஒதுக்கிவிடும். ஈர ரப்பரை அவை சுலபமாக அறுக்கும். ஆகவே சாலையின் ஓரத்தை விட்டு ஒரு மீட்டராவது உள்ளே ஓட்டுங்கள்.

சாதாரண ரோடு பைக்குல ஏரோ பார் மாட்டியிருக்கேன். ரிம் பிரேக்தான். மழைல பிடிக்குமா?
– வாசகி, திருப்பூர்

பிடிக்கும், ஆனால் சற்றுத் தாமதமாக. பிரேக் கட்டை முதலில் ரிம்மில் உள்ள தண்ணீரைத் துடைக்க வேண்டும், பிறகுதான் பிடிக்கும். 36 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடி தாமதம் என்றால் 10 மீட்டர். ஏரோ பாரில், அதாவது முழங்கையை ஊன்றிப் படுத்து ஓட்ட முன்னே நீளும் கம்பியில், இருக்கும் கை பிரேக்குக்கு வந்து சேர இன்னொரு வினாடி. மொத்தம் 20 மீட்டர் வெறுமனே போய்விட்டது. எனவே திருப்பத்துக்கு 60, 70 மீட்டர் முன்பே கையைக் கீழ் பாருக்கு மாற்றி, பிரேக்கை லேசாக உரசவிட்டு ரிம்மைத் துடைத்துக்கொள்ளுங்கள். முழுப் பிடி அதன் பிறகு. கார்பன் ரிம் என்றால் இந்தத் தாமதம் இன்னும் கூடும். அலுமினிய ரிம் சக்கரம் ஒரு ஜோடி கையில் இருந்தால் மழை நாளுக்கு அதையே போடுங்கள்; ரிம் பிரேக் வண்டியில் கார்பனின் அழகுக்காக இந்த விலை கொடுக்க வேண்டாம்.

முந்தைய இரவு பிரேக் கட்டைகளைக் கழற்றிப் பாருங்கள். மின்னும் அலுமினியத் துணுக்குகள் பதிந்திருந்தால் குண்டூசியால் நோண்டி எடுத்துவிட்டு, உப்புத்தாளில் இரண்டு தேய்ப்பு. முழங்கையைத் தாங்கும் மெத்தைப் பட்டை நனைந்தால் ஊறி நழுவும். அதன் ஒட்டுப் பட்டையைப் புதிதாக்குங்கள். ஏரோ பார் நுனியில் வழுக்காத ஹேண்டில்பார் டேப் சுற்றுங்கள். கிளாம்ப் போல்ட்டை அதில் அச்சிட்ட அளவுக்கே முறுக்குங்கள்; பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர்.

ரெயின்கோட் போட்டு ஓட்டலாமா? கண்ணாடி மூடிக்கொள்கிறதே?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

ரெயின்கோட் காற்றில் உப்பிப் பின்னுக்கு இழுக்கும். உடலோடு ஒட்டிய பந்தய உடை நனைந்தால் நனையட்டும். கிளம்பும் வரைதான் நனையக் கூடாது. கூரைக்குக் கீழே டிரெயினரில் (நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் தாங்கி) வண்டியை நிறுத்தி, 20 நிமிடம் மிதித்து உடம்பைச் சூடேற்றுங்கள். உங்கள் முறைக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மேல் கோட்டைக் கழற்றுங்கள். விரல் விறைத்தால் பிரேக் பிடிக்க வராது என்பதால் முழு விரல் கையுறை நல்லது. நிறமில்லாத அல்லது மஞ்சள் கண்ணாடி போடுங்கள். உள்பக்கம் ஒரு சொட்டு பாத்திர சோப்பு திரவத்தைத் தடவி, மெல்லிய துணியால் பளபளக்கத் துடைத்தால் ஆவி படியாது.

ஆடிக் காத்துல சாரலோட ஓட்டறப்ப வண்டியையே தள்ளுது. உயரமான ரிம் சக்கரம் போடலாமுங்களா?
– வாசகர், பல்லடம்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய் 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அதில் நெருக்கிக்கொண்டு நுழைவதால்தான் உங்கள் ஊர்ப் பக்கம் அத்தனை காற்றாலைகள். பின் சக்கரத்தில் உயரமான ரிம் இருக்கலாம். முன் சக்கரம் திசை திருப்புவது. காற்று அதைத் தட்டினால் ஹேண்டிலே திரும்பும். முன்னே 30 முதல் 40 மில்லிமீட்டர் ரிம் போதும். கோவை–பொள்ளாச்சி போல வடக்கு–தெற்காகப் போகும் சாலையில் காற்று விலாவில் அடிக்கும். தென்னந்தோப்பு முடிந்து வெட்டவெளி தொடங்கும் இடத்திலும், லாரி ஒன்று மறைத்துவிட்டு விலகும் கணத்திலும் தள்ளு விழும். அங்கே ஏரோ பாரிலிருந்து எழுந்துகொள்ளுங்கள்.

பொள்ளாச்சி–உடுமலை போன்ற கிழக்கு–மேற்குச் சாலையில் ஒரு பாதி எதிர்காற்று, மறு பாதி பின்காற்று. 10 கிலோமீட்டரை எதிர்காற்றில் 30 வேகத்தில் கடக்க 20 நிமிடம். பின்காற்றில் 42-இல் வந்தால் 14 நிமிடம் சொச்சம். அதிக நேரம் செலவாகும் பக்கத்தில்தான் சம்பாதிக்க முடியும். எதிர்காற்றில் சராசரியைவிட 3 முதல் 5 சதவீதம் கூட்டி மிதித்து, திரும்பி வரும்போது அதை விட்டுக்கொடுங்கள். பின்காற்றில் பிரேக் தூரம் கூடும் என்பதையும் மறக்காதீர்கள்.

கிளம்பும் வரிசை குலுக்கலில் வருகிறது. மழையில் இது நியாயமா?
– வாசகர், ஈரோடு

சமமில்லைதான், ஆனால் விளையாட்டின் பகுதி அது. 1995 டூர் டி பிரான்ஸ் பிரான்ஸின் சேன் பிரியூ நகரில் 7.3 கிலோமீட்டர் மாலை நேர டைம் டிரையலுடன் தொடங்கியது. முன்னதாகக் காய்ந்த சாலையில் கிளம்பிய ஜாக்கி துராண்ட் வென்றார். எல்லோரும் எதிர்பார்த்த கிறிஸ் போர்ட்மன் மழையில் கிளம்பி, வழுக்கி விழுந்து கணுக்கால் உடைந்தது. குலுக்கலில் ஈரம் வந்தால், முன்னால் போனவரின் நேரத்தை மனதிலிருந்து அழித்துவிட்டு ஓட்டுங்கள்.

இடிக்கு மட்டும் விட்டுக்கொடுக்க இடமில்லை. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 வினாடிக்குக் குறைவாக இருந்தால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. நிறுத்திவிட்டுக் கட்டடத்துக்குள் போங்கள், புளியமரத்தடிக்கு அல்ல. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும் வரை நடுவர் பந்தயத்தைத் தொடங்கக் கூடாது.

பந்தயம் முடிஞ்சதும் பைக்கை வாட்டர் சர்வீஸ்ல விட்டுடலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

வேண்டவே வேண்டாம். மோட்டார் பைக் கழுவும் அழுத்தத் தண்ணீர் ஹப் (சக்கரத்தின் நடு அச்சு), பாட்டம் பிராக்கெட் (பெடல் சுழலும் அச்சு), ஹெட்செட் (ஹேண்டில் திரும்பும் கழுத்து) ஆகியவற்றின் சீலைத் தாண்டி உள்ளே போய் கிரீஸை வெளியேற்றிவிடும். ஒரு வாளித் தண்ணீர், பாத்திர சோப்பு, இரண்டு பிரஷ் போதும். செயினை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, காயவைத்து, ஒவ்வோர் உருளைக்கும் ஒரு சொட்டு செயின் ஆயில் விட்டு, மறுநாள் காலையில் வெளிப்பக்க எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் பிசுபிசுத்து இறுகும். என்ஜின் ஆயில் மண்ணை வாரி ஒட்டவைக்கும். மெழுகு போட்ட செயின் ஒரே மழையில் வெறுமையாகிவிடும். அன்று மாலையே துடைக்காவிட்டால் விடிவதற்குள் துரு. டிஸ்க் பிரேக் வண்டியில் எண்ணெய் விடும்போது பின் சக்கரத்தைக் கழற்றி வையுங்கள். பிரேக் தட்டில் ஒரு சொட்டு பட்டாலும் பிரேக் கட்டையை மாற்ற வேண்டியிருக்கும்.

சீட் போஸ்ட்டின் உயரத்தை டேப்பால் குறித்துவிட்டுக் கழற்றி, வண்டியைத் தலைகீழாக ஓர் இரவு வையுங்கள். பிரேமுக்குள் நின்ற தண்ணீர் வடிந்துவிடும். டயரை விரலால் தடவி, பதிந்த கல்லையும் முள்ளையும் எடுங்கள். ஷூவின் உள்மெத்தையை வெளியே எடுத்து, செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். வெயிலில் வைத்தால் அடிப்பாகத்துப் பசை விட்டுவிடும்.