ஒட்டுண்ணிக் குளவிகளும் ஏறும் வெயிலும்: கேள்வி பதில்

வயலில் குளவியை விட்டால் வேலை செய்பவர்களைக் கொட்டாதா?

கொட்டாது. வயலில் விடும் டிரைக்கோகிரம்மா என்ற ஒட்டுண்ணிக் குளவியின் நீளம் சுமார் அரை மில்லிமீட்டர்; உற்றுப் பார்த்தால்தான் தெரியும். பெண் குளவியின் வால் நுனியில் இருப்பது முட்டையிடும் ஊசி. இனத்தைப் பொறுத்துப் பூச்சியின் முட்டைக்குள்ளோ புழுவின் உடலுக்குள்ளோ முட்டையிட்டு விடும். பொரிக்கும் குஞ்சு உள்ளேயே தின்று வளரும்.

வந்தேறிப் பூச்சிக்கு எதற்கு இன்னொரு வந்தேறி? உள்ளூர்க் குளவிகள் போதாதா ஐயா?

சில நேரம் போதும். ஆனால் புது மண்ணுக்கு வரும் பூச்சி தன் எதிரிகளைச் சொந்த ஊரிலேயே விட்டுவிட்டு வருகிறது. உள்ளூர்க் குளவிகள் அதற்குப் பழகுவதற்குள் பயிர் போய்விடும். 1970களில் ஆப்பிரிக்காவில் மரவள்ளி மாவுப்பூச்சி பரவியபோது, அதன் பூர்வீகத்தைத் தென் அமெரிக்காவில் தேடினார்கள். பராகுவேயில் கிடைத்தது அனாகைரஸ் லோபெசி என்ற குளவி. பூச்சியியலாளர் ஹான்ஸ் ஹெரன் தலைமையில் கண்டம் முழுக்க அதைப் பரப்பினார்கள். அதற்காக 1995இல் அவருக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது. 2008இல் அதே பூச்சி தாய்லாந்தில் தலைகாட்ட, அடுத்த ஆண்டே மேற்கு ஆப்பிரிக்க நாடான பெனினிலிருந்து குளவி போய்ச் சேர்ந்தது.

வெயில் கூடினால் பூச்சிக்கும் குளவிக்கும் ஒரே பாதிப்புதானே? (மாணவி)

இல்லை அம்மா, என்னை மிகவும் கவலைப்பட வைப்பது இதுதான். பல இணைகளில் பூச்சி தாங்கும் வெப்பத்தைக் குளவி தாங்குவதில்லை. புகையிலைக் கொம்புப்புழுவையும் அதன் கோடீசியா குளவியையும் வைத்து அமெரிக்காவில் சோதித்திருக்கிறார்கள். பகல் உச்சம் 40 டிகிரியைத் தொட்டபோது புழுவுக்குள் இருந்த குளவிக் குஞ்சுகள் செத்தன. புழு சாகவில்லை, வழக்கத்தை மீறிப் பருத்துத் தின்றுகொண்டே இருந்தது. குளவி தாக்கிய புழுதானே என்று நாம் நிம்மதியாக இருக்க முடியாது என்பதே இதன் பொருள்.

இன்னொன்று, காலக்கணக்கு. சூடு ஏற ஏறப் பூச்சியும் குளவியும் ஒரே அளவில் வேகமெடுப்பதில்லை. முட்டைக்குள் முட்டையிடும் குளவி, அந்த முட்டைகள் பொரித்த பிறகு வந்தால் யாருக்குப் பயன்? சில டிரைக்கோகிரம்மா இனங்களில் உடலுக்குள் இருக்கும் உல்பாக்கியா பாக்டீரியாவால் பெண்களே பிறக்கும். 30 டிகிரிக்கு மேல் வளர்த்தால் அது பலவீனப்பட்டு ஆண்களும் பிறக்கத் தொடங்கும். முட்டையிடப் போவது பெண் மட்டுமே.

மக்காச்சோளப் படைப்புழுவுக்கு முட்டை அட்டை (டிரைக்கோகிரம்மா வளரும் முட்டைகளை ஒட்டிய அட்டை) கட்டினேன், பலனே இல்லையே சார்?

குருத்தில் புழுவைப் பார்த்த பிறகு கட்டியிருந்தால் காலம் கடந்துவிட்டது. டிரைக்கோகிரம்மா முட்டையை மட்டுமே தாக்கும். இனக்கவர்ச்சிப் பொறியில் அந்துப்பூச்சி விழத் தொடங்கும்போதே கட்ட வேண்டும். வெயில் தணிந்த மாலையில், இலையின் அடிப்பக்கம். அப்படிக் கட்டினாலும் படைப்புழு முட்டைகளை அடுக்கடுக்காக இட்டு மேலே செதில் போர்த்திவிடுவதால், டிரைக்கோகிரம்மா பெரும்பாலும் மேலடுக்கோடு நின்றுவிடும். டெலினோமஸ் ரீமஸ் என்ற முட்டைக் குளவி கிடைத்தால் அதையே விடுங்கள், உள்ளடுக்குக்கும் அது போகும்.

வறட்சிக்கும் குளவிக்கும் தொடர்பு உண்டா?

நிறைய உண்டு, யாரும் அதைப் பேசுவதில்லை. ஆப்பிரிக்காவிலேயே சத்தில்லாத மணல் நிலங்களில் அனாகைரஸ் தடுமாறியது. பெரிய மாவுப்பூச்சியில் அது பெண் முட்டையும் சிறியதில் ஆண் முட்டையும் இடும். வாடிய செடியில் மாவுப்பூச்சி சிறுத்துப்போகும். அடுத்த தலைமுறைப் பெண் குளவிகள் குறையும். மூடாக்கும் உரமும் இட்ட இடங்களில் நிலைமை தேறியது. வறட்சி கூடும் காலத்தில் குளவியை வளர்ப்பதும் மண்ணைப் பேணுவதும் எனக்கு ஒரே வேலைதான்.

கொண்டுவந்த குளவி நல்ல பூச்சிகளையும் தின்றுவிட்டால்?

நியாயமான பயம். 1906இல் அமெரிக்காவுக்குக் கொண்டுபோன கம்ப்சிலூரா என்ற ஒட்டுண்ணி ஈ, குறிவைத்த பூச்சியோடு நில்லாமல் பெரிய பட்டு அந்துப்பூச்சிகளையும் தாக்கியது. அதனால்தான் இன்று தனிமைக் கூடத்தில் எந்தெந்தப் பூச்சியைத் தாக்குகிறது என்று சோதித்த பிறகே வெளியே விடுகிறார்கள். வெப்பமயமாதல் அவசரம் என்று சொல்லி இந்தச் சோதனையைச் சுருக்குவதை நான் ஏற்க மாட்டேன்.

குளவி விட்ட பிறகு மருந்து அடிக்கலாமா?

பைரித்ராய்டு போன்ற இரசாயனப் பூச்சிக்கொல்லிகளை அடித்தால் குளவிதான் முதலில் சாகும். தவிர்க்கவே முடியாவிட்டால் பாதித்த செடிகளுக்கு மட்டும் அடியுங்கள், பி.டி. (பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியா) போன்ற நுண்ணுயிர் மருந்தாக இருக்கட்டும். வரப்பில் பூக்கும் செடி கொஞ்சம் வையுங்கள். வளர்ந்த குளவிக்குத் தேன் வேண்டும், உச்சி வெயிலுக்கு ஒதுங்க நிழலும் வேண்டும்.