ஒரே கேபிளில் மேசை போனும் கம்ப்யூட்டரும்: சுவிட்சில் விலான் எப்படிப் பிரிப்பது?

திருப்பூர்ல பனியன் கம்பெனி ஆபீஸ், 16 மேசை, மேசைக்கு ஒரே லேன் பாயின்ட். போனையும் கம்ப்யூட்டரையும் தனித்தனி விலானில் (ஒரே சுவிட்சுக்குள்ள பிரிச்சு வைக்கிற தனி நெட்வொர்க்) போடணும்னு கேட்டிருக்கீங்க. புதுசா கேபிள் இழுக்க வேண்டியதில்லைங்க. சுவர் பாயின்ட்டிலிருந்து போனோட லேன் போர்ட்டுக்கு ஒரு பேட்ச் கார்டு (சின்ன லேன் வயர்), போனோட பிசி போர்ட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு இன்னொண்ணு.

கம்ப்யூட்டருக்கு விலான் 10, போனுக்கு 20-னு வெச்சுக்குவோம். மேசைக்குப் போற எல்லா போர்ட்டிலும் 10 அன்டேக்டு (விலான் நம்பர் ஒட்டாம), 20 டேக்டு (நம்பர் ஒட்டி), பிவிஐடி (நம்பர் இல்லாம உள்ளே வர்றதை எந்த விலானில் சேர்க்கணும்ங்கிற செட்டிங்) 10. இதுல சறுக்குற இடம் பிவிஐடிதான். பிரவுசர்ல செட் பண்ற சுவிட்சுகள்ல பெரும்பாலும் அது வேற பக்கத்துல இருக்கும். அதை 1-லேயே விட்டுட்டா, கம்ப்யூட்டர் அனுப்புறதெல்லாம் விலான் 1-க்குப் போயிரும். ஐபியைத் தானா கொடுக்கிற டிஹெச்சிபி பதில் வராம, விண்டோஸ் 169.254-னு ஆரம்பிக்கிற ஐபியைத் தானே எடுத்துக்கும்.

சிஸ்கோன்னா போர்ட்டுக்குள்ள மூணு வரி: 'சுவிட்ச்போர்ட் மோட் ஆக்சஸ்', 'சுவிட்ச்போர்ட் ஆக்சஸ் விலான் 10', 'சுவிட்ச்போர்ட் வாய்ஸ் விலான் 20'. போன் வேற பிராண்டுன்னா போர்ட்டுக்குள்ள இல்லாம, சுவிட்சோட பொது செட்டிங்ல 'எல்எல்டிபி ரன்' கொடுங்க; எல்எல்டிபி-தான் விலான் நம்பரைப் போனுக்குச் சொல்லும். அது இல்லைன்னா போனுக்கு 20-ங்கிற நம்பரே தெரியாது, 10-லேயே ஐபி வாங்கிக்கும். கால் போகும், அதனால யாருக்கும் சந்தேகம் வராது. போன் மெனுவுல ஐபியைப் பார்த்தாத்தான் குட்டு வெளிப்படும்.

ரூட்டருக்கும் அடுத்த சுவிட்சுக்கும் போற அப்லிங்க்கில் 10, 20 ரெண்டையும் டேக்டா விடுங்க. ரெண்டுக்கும் தனித்தனி டிஹெச்சிபி ரேஞ்ச் வேணும்.

பக்கத்து மேசைப் பாயின்ட் காலியா இருந்தா, பிசி போர்ட் வயரை யாராச்சும் அதுல செருகிடுவாங்க. டேட்டா சுத்திச் சுத்தி வந்து லூப் ஆகி ஆபீஸ் நெட்வொர்க் முழுக்கப் படுத்துக்கும். மேசை போர்ட்டுகள்ல லூப் ஆனா அந்த போர்ட்டை நிறுத்திடுற பிபிடியூ கார்டு (guard) அல்லது லூப் டிடெக்‌ஷனைப் போட்டு வையுங்க.

போன் வாங்கும்போது பிசி போர்ட் கிகாபிட்டான்னு பாருங்க. விலை குறைஞ்ச மாடல்கள்ல 100 எம்பிபிஎஸ்தான். பில் போடுற மேசைக்கு அது தாராளம். பெரிய டிசைன் ஃபைல் திறக்கிற மேசைக்கு மட்டும் தனிக் கேபிளே நல்லதுங்க.

பிஓஇ சுவிட்சா (லேன் வயர்லயே போனுக்குக் கரன்ட் கொடுக்கிறது) இருந்தா மொத்த வாட் எவ்வளவுன்னு பாருங்க. போனுக்கு 7 வாட்டுன்னு வெச்சாலும் 16 போனுக்கு 112 வாட் ஆகும். சுவிட்ச், ரூட்டர், பிபிஎக்ஸ் (ஆபீஸ் போன் எக்ஸ்சேஞ்ச்) மூணையும் ஒரே யூபிஎஸ்ல மாட்டிட்டா, ஷட்டவுன் நாள்ல பேட்டரி தாங்குற வரைக்கும் உள்ளுக்குள்ள போன் பேசலாம்.