ட்ரையத்லான் பயிற்சிக்கு வாட்ச், பவர் மீட்டர், ஸ்மார்ட் ட்ரெய்னர் எல்லாம் உண்மையிலேயே தேவையா?

கேள்வி கேட்டவர் முதல் தடவையா ஹாஃப் அயர்ன்மேன் பண்ணப்போறாராம். அதாவது ஒரே ரேஸ்ல ஒண்ணு முடிஞ்சதும் இன்னொண்ணுன்னு 1.9 கிமீ நீச்சல், 90 கிமீ சைக்கிள், 21.1 கிமீ ஓட்டம். சைக்கிளுக்கு ஆகுற செலவு அளவுக்கு சாமானுக்கும் ஆகும்போல இருக்கே, எது உருப்படி எது வெட்டிச் செலவுன்னு கேட்டிருக்கார். சென்னைல ட்ரெய்னிங் பண்ற ஆளா என் பதில் இதுதான்: டெக்னாலஜி உங்கள வேகமா ஓட வைக்கிறத விட அடக்கி வைக்கிறதுக்குத்தான் ரொம்ப யூஸ் ஆகும். அந்த வேலைய பாக்குற சாமானுக்கு காசு குடுங்க, மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.

ஏன் சொல்றேன்னா, வேலைக்கும் போயிட்டு ட்ரெய்னிங்கும் பண்ற நம்மள மாதிரி ஆளுங்க மெதுவா போகவேண்டிய நாள்ல சும்மா இருக்க மாட்டாம கொஞ்சம் வேகமா போயிடுவோம், அப்புறம் நிஜமா வேகம் போகவேண்டிய நாள்ல கால் வராது. இது பெரிய ஆளுங்களுக்கும் உண்டு. ஹவாய் அயர்ன்மேன ஆறு தடவ ஜெயிச்ச மார்க் ஆலன் 1980கள்ல நெஞ்சுல கட்டுற ஹார்ட் ரேட் மானிட்டர் ஒண்ண வச்சுக்கிட்டு, துடிப்பு 155 தாண்டக்கூடாதுன்னு ஓட ஆரம்பிச்சார், முதல்ல மைலுக்கு 8 நிமிஷம் 15 செகண்ட் ஆச்சாம், அவர் ரேஞ்சுக்கு அது அவமானம்தான். ஆனா பொறுமையா அதையே பிடிச்சுக்கிட்டு போனதுல பின்னாடி அதே 155ல மைலுக்கு 5 நிமிஷம் 20 செகண்ட் வரைக்கும் வந்துட்டார். அப்போ ஜிபிஎஸ் வாட்சும் கிடையாது, ஆப்பும் கிடையாது.

இந்தக் காலத்து நார்வே பசங்களும் இதேதான். டோக்கியோ ஒலிம்பிக்ல தங்கம் வாங்குன கிறிஸ்டியன் ப்ளும்மென்ஃபெல்ட், 2022ல கோனால (அதே ஹவாய் அயர்ன்மேன்தான்) 7 மணி 40 நிமிஷம் சொச்சத்துல ஜெயிச்ச குஸ்தாவ் ஈடன், ரெண்டு பேரும் ட்ரெய்னிங் நடுவுல நின்னு ஒரு சொட்டு ரத்தம் எடுத்து லாக்டேட் (கஷ்டப்பட்டு உழைக்க உழைக்க ரத்தத்துல ஏறுற பொருள்) எவ்ளோன்னு பாக்குறவங்க. இன்னும் அழுத்தலாமான்னு பாக்க இல்ல, லிமிட் தாண்டிடக்கூடாதுன்னு பாக்க.

இப்ப சைக்கிளுக்கு வருவோம், பணம் போட்டா பலன் தெரியுற இடம் இதுதான். ஈசிஆர்ல காலைல போறீங்கன்னு வைங்க, மகாபலிபுரம் போறப்போ காத்து முதுகுல தள்ளும், மணிக்கு 36 கிமீல போவீங்க, நாமதான் புலின்னு தோணும், திரும்பி வர்றப்போ எதிர்காத்து, 26 தாண்டாது, உடனே கோவம் வந்து மிதிப்பீங்க. ஸ்பீடு பொய் சொல்லும், பவர் மீட்டர் காட்டுற வாட்ஸ் சொல்லாது. எதிர்காத்தா இருந்தாலும் ஃப்ளைஓவரா இருந்தாலும் நீங்க எவ்ளோ மிதிக்கிறீங்கங்கறது மட்டும்தான் அதுல தெரியும். 20 நிமிஷம் முடிஞ்ச அளவு மிதிச்சு வர்ற சராசரில 95 சதவீதத்த எஃப்டிபின்னு (சுமார் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய வாட்ஸ்) வச்சுக்கிட்டு, ஹாஃப் அயர்ன்மேன்ல அதுல 75, 80 சதவீதத்துக்குள்ள ஓட்டுனா இறங்கி ஓட கால் மிச்சம் இருக்கும். முதல் 30 கிமீ ரொம்ப ஈசியா தெரியும், பக்கத்துல நாலு பேர் தாண்டிப் போவான், அப்போ அந்த நம்பர் இல்லன்னா நம்ம ஈகோவ எதுவும் பிடிச்சு நிறுத்தாது.

ஆனா ஒரு விஷயம், ஏசி ரூம்ல ஃபேன் போட்டு எடுத்த எஃப்டிபிய அப்படியே வெயில்ல நம்பாதீங்க. சென்னை ஈரக்காத்துல வியர்வை ஆவியாகாது, உடம்பு குளிராது, அதே வாட்ஸுக்கு ஹார்ட் ரேட் ஏறிக்கிட்டே போகும். அதனால ரெண்டையும் சேத்துப் பாக்கணும்.

நீச்சல்ல நேர்மாறு, இங்க வாட்ச் சுமார்தான். தண்ணிக்குள்ள கை போனதும் ஜிபிஎஸ் சிக்னல் போயிடும், கடல்ல நீந்துன மேப்ப பாத்தா ஏதோ போதைல நீந்துன மாதிரி இருக்கும். பூல்ல சுவத்துல திரும்புறத வச்சுதான் எண்ணுது, கிக்போர்டு பிடிச்சா கை ஆடாது, சரியா எண்ணாது. அபார்ட்மென்ட் பூல் சின்னதா இருந்தா அந்த நீளத்தையே பல வாட்ச் ஏத்துக்காது. அப்புறம் ஸ்வால்ஃப்னு ஒரு ஸ்கோர், ஒரு லெங்த்துக்கு எத்தன செகண்ட் எத்தன ஸ்ட்ரோக்னு கூட்டிச் சொல்லும், அத குறைக்கணும்னே சில பேர் ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் நடுவுல மிதந்துக்கிட்டு கிடப்பாங்க, ஸ்கோர் அழகா இருக்கும், ஆள் போய்ச் சேரமாட்டான். நீச்சலுக்கு நான் சொல்ற ஒரே டெக்னாலஜி, ஒரு ஃப்ரெண்டுகிட்ட ஃபோன குடுத்து பக்கவாட்டுல இருந்து வீடியோ எடுக்கச் சொல்றது. முழங்கை கீழ விழுறதயும் இடுப்பு முங்குறதயும் எந்த வாட்சும் காட்டாது.

ஸ்மார்ட் ட்ரெய்னர், அதாவது சைக்கிள மாட்டி வீட்டுக்குள்ளேயே மிதிக்கிற மெஷின் பத்தி எனக்கு ரெண்டு மனசு. லாரி, தெருநாய், நவம்பர் மழை எதுவும் இல்லாம வீட்டுக்குள்ளேயே ஒரு மணி நேரம் உருப்படியா முடிச்சிடலாம், சின்னக் குழந்தை இருக்குற வீட்டுக்கு இது வரம். ஆனா அதுல இருக்குற எர்க் மோட்ல, நீங்க செட் பண்ண வாட்ஸ மெஷினே பிடிச்சு வச்சுக்கும், நீங்களா பிடிக்கக் கத்துக்கவே மாட்டீங்க. வளைவுல சாய்றது, ஓட்டிக்கிட்டே பாட்டில் எடுக்குறது, குழி தாண்டுறது எல்லாம் ரோட்லதான் வரும். இன்னொண்ணு யாரும் சொல்றதில்ல: வியர்வை சொட்டிச் சொட்டி சைக்கிளோட ஹெட்செட்டும் (ஹேண்டில்பார் திரும்புற இடத்து பேரிங்) ஹேண்டில்பார் டேப்புக்கு உள்ளயும் அரிச்சுடும். மேல துண்டு போட்டு வைங்க, வாரத்துக்கு ஒரு தடவையாவது துடைங்க.

எனக்கு பிடிக்காதது, இன்னிக்கு உடம்பு ட்ரெய்னிங்குக்கு ரெடியான்னு வாட்ச் காலைல குடுக்குற ரெடினெஸ் ஸ்கோர், தூக்க ஸ்கோர் வகையறா. எழுந்திருக்கும்போது நல்லாத்தான் இருக்கும், வாட்ச்ல நூத்துக்கு 38ன்னு பாத்ததும் உடம்பு வலிக்க ஆரம்பிக்கும். மே மாசம் வந்தா இன்னும் கொடும, வெயில்ல துடிப்பு ஏறுது வேகம் குறையுது, அத பாத்துட்டு ஃபிட்னஸ் போச்சுன்னு சொல்லும், டிசம்பர்ல குளிர் காத்து வந்ததும் நீங்க எதுவுமே பண்ணாம சூப்பர்னு பாராட்டும். வெயில கணக்குல எடுக்குறோம்னு சொல்ற வாட்சும் இருக்கு, இருந்தாலும் ஃபிட்னஸ் ஏறுது இறங்குதுன்னு காட்டுற அம்புக்குறிய பாத்து ட்ரெய்னிங்க மாத்தாதீங்க. ராத்திரி ஷிஃப்ட் பாத்துட்டு வந்தீங்களா, வீட்ல யாருக்காவது காய்ச்சலான்னு ஆப் பிளானுக்கு தெரியாது, ஒரு கோச்சுக்கோ கூட ஓடுறவனுக்கோ மூஞ்சிய பாத்தாலே தெரியும்.

வாங்குற வரிசை கேட்டதால சொல்றேன். முதல்ல நெஞ்சுல கட்டுற ஸ்ட்ராப், சில ஆயிரம்தான், ஓடும்போது மணிக்கட்டு சென்சார் சில சமயம் துடிப்ப விட்டுட்டு உங்க காலடிய எண்ணிக்கிட்டிருக்கும், இதுல அந்த தொல்லை இல்ல. அதோட சேரக்கூடிய சாதாரண ட்ரையத்லான் வாட்ச், பழைய மாடல் போதும். அப்புறம் பின்னாடி பளிச்னு எரியுற லைட், இருட்டோட கிளம்புறவங்க இதுல கஞ்சத்தனம் பண்ணாதீங்க. அப்புறம் பவர் மீட்டர், பெடல் டைப்பா எடுத்தா நாளைக்கு சைக்கிள் மாத்துனாலும் கழட்டி மாட்டிக்கலாம். ட்ரெய்னர் கடைசி, அது வாங்குனா கூடவே நல்ல பெடஸ்டல் ஃபேன் ரெண்டு வாங்கிடுங்க.