‘நாளை முதல் வராதே’ என்று சொன்னால் போதுமா?

கேள்வி: விளக்குத்தூண் அருகே ஜவுளிக்கடை நடத்துகிறேன். தீபாவளி முடிந்து இருப்பு எடுத்தபோது 14 சுங்குடிச் சேலைகள் குறைந்தன. ஏழு ஆண்டுகளாக இருந்த விற்பனையாளர் மீது சந்தேகம். அந்த மாதச் சம்பளத்தைத் தராமல், “நாளை முதல் வராதே” என்று அனுப்பிவிட்டேன். அவருடைய பள்ளிச் சான்றிதழ்கள் என்னிடம் உள்ளன. இப்போது வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. என்ன செய்வது?
– கடை உரிமையாளர், மதுரை

பதில்: சம்பளத்தையும் சான்றிதழ்களையும் இன்றே கொடுத்துவிடுங்கள். உழைத்த நாளின் கூலி அவருடையது. சேலைக் கணக்கு வேறு.

ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணம் இல்லாமல், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ தராமல் நீக்கக் கூடாது என்கிறது 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், பிரிவு 41. ஒழுங்கீனத்துக்காக நீக்கினால் முன்னறிவிப்பு தேவையில்லை. ஆனால் விசாரணை நடத்திச் சாட்சியத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும். உங்களிடம் இருப்பது சந்தேகம் மட்டுமே.

ஆகவே, வாய்மொழியாகச் சொன்னதைத் திரும்பப் பெற்று, வேலைக்கு வரும்படி ஸ்பீடு போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். அதன்பிறகு தேதி, சேலைகளின் எண்ணிக்கை, பில் புத்தக எண் எல்லாம் குறித்துக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுத்து, பதில் எழுத அவகாசம் தாருங்கள். விசாரிப்பவர் நீங்களாக இருக்க வேண்டாம். சாட்சிகளை அவர் குறுக்கு விசாரணை செய்யட்டும். அதுவரை தற்காலிகப் பணிநீக்கத்தில் வைத்தால், முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளத்தைப் பிழைப்பூதியமாகத் தர வேண்டும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கடைக்காரர் என்னிடம் ஒரு தாளைக் கொண்டுவந்தார். அடியில் ஊழியரின் கையொப்பம் நீல மையில். மேலே “நான்தான் எடுத்தேன்” என்ற வாசகம் கறுப்பு மையில், வேறொருவர் எழுத்தில். இடம் போதாமல் கடைசி இரண்டு வரிகள் கையொப்பத்தைச் சுற்றி நெருக்கி எழுதப்பட்டிருந்தன. வெற்றுத்தாளில் வாங்கிய கையொப்பம் என்பது பார்த்தவுடனே தெரிந்தது. அந்தத் தாளே அவரைத் தோற்கடித்தது.

இருப்புக் கணக்கையும் மறுபடி பாருங்கள். தீபாவளிக் கூட்டத்தில் பில் போடாமல் கட்டிக் கொடுத்தது, மாற்றிக் கொடுத்ததைக் குறிக்க மறந்தது என்று எத்தனையோ நடக்கும். விளக்குத்தூணில் ஒருவரைத் திருடன் என்று சொல்லிவிட்டால் மாசி வீதிகளில் வேறு எந்தக் கடையும் அவரைச் சேர்க்காது. ஏழு தீபாவளிக்கு உங்கள் கடையில் கால்கடுக்க நின்றவர் அவர்.

நோட்டீஸில் சொன்ன கெடுவுக்குள் ஒரு வழக்கறிஞர் மூலம் பதில் அனுப்புங்கள். அந்தப் பதிலில் ‘திருடன்’ என்ற சொல் எங்கும் வரக்கூடாது.