புறநகர் ஃப்ளாட் விலை சரிதானா? வாசகர் கேள்விகள்

கேள்வி: நான் பார்க்கும் வளாகத்திலேயே இன்னும் நான்கு வீடுகள் விளம்பரத்தில் இருக்கின்றன. அவற்றின் சராசரியை விலையாக எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. விளம்பரத்தில் இருப்பது கேட்கிற விலை. உங்களுக்கு வேண்டியது கைமாறிய விலை. கடந்த ஓராண்டுக்குள் அங்கேயோ பக்கத்திலோ விற்ற மூன்று நான்கு வீடுகளின் விலை தெரிந்தால் போதும். ஒரே வளாகத்தில் ஐந்து பேர் ஏன் விற்கிறார்கள் என்றும் விசாரியுங்கள்.

கேள்வி: விற்பவர் சொன்ன விலைக்கே வங்கி மதிப்பீட்டாளர் மதிப்புப் போட்டுவிட்டார். இனி கவலையில்லைதானே?

கடனுக்கு அந்த வீடு ஈடாகுமா என்றுதான் அவர் பார்க்கிறார். நீங்கள் அதிகம் கொடுக்கிறீர்களா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: 1,200 சதுர அடி, இரண்டு படுக்கையறை. விலை நியாயமா? உடனே பதில் தேவை.

எந்த 1,200? சுவருக்குள் புழங்கும் இடமான கார்பெட் ஏரியாவா, சூப்பர் பில்ட்-அப்பா? கட்டடத்தின் வயது என்ன, பார்க்கிங் உண்டா? எதையும் எழுதாமல் உடனே பதில் கேட்டால் எப்படி? இதை எத்தனை முறை எழுதினாலும் கடிதங்கள் இப்படியேதான் வருகின்றன.

சூப்பர் பில்ட்-அப் என்றால் படிக்கட்டு, லிஃப்ட், நடைபாதை எல்லாம் உங்கள் கணக்கில் ஏறும். 1,200-ல் சுவருக்குள் 840 தேறினால், சதுர அடிக்குச் சொன்ன விலையைவிடச் சுமார் 43 சதவீதம் கூடுதலாகக் கொடுக்கிறீர்கள். பக்கத்து வளாகத்தில் அதே 1,200-ல் 960 தேறுகிறது, ஆனால் சதுர அடி விலை பத்து சதவீதம் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். வகுத்துப் பாருங்கள், அதுதான் மலிவு! விலை குறைவு என்று முதல் வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு எழுதுகிறவர்களை நினைத்தால் மனசு பதறுகிறது.

டேப் எடுத்துப் போய் ஒவ்வொரு அறையையும் சுவருக்குச் சுவர் அளந்து, வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். பூச்சு காரணமாக ஓரிரு அங்குலம் குறையலாம். அரை அடி குறைந்தால் விளக்கம் கேளுங்கள். பால்கனியைத் தனியாக எழுதுங்கள். அளக்க விடமாட்டேன் என்பவரிடம் பேச்சை வளர்க்காதீர்கள். அப்புறம், கைமாறிய விலைகளையும் கார்பெட் ஏரியாவால் வகுத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

கேள்வி: 20 ஆண்டுப் பழைய கட்டடம், விலை குறைவு. வாங்கலாமா?

கட்டடத்தின் மதிப்பு ஆண்டுக்கு ஆண்டு குறையும். பெரும்பாலும் ஏறுவது நிலத்தின் மதிப்புதான். ஆகவே பத்திரத்தில் உங்களுக்கு வரும் நிலப் பங்கைப் பாருங்கள். அது தாராளமாக இருந்தால் வயதை மட்டும் காரணமாக வைத்து ஒதுக்க வேண்டாம். குடியிருப்போர் சங்கத்தின் கையிருப்பையும் கேளுங்கள். பணம் இல்லையென்றால் லிஃப்ட் மாற்றுவதும் மொட்டை மாடி ஒழுகலும் உங்கள் தலையில்தான் விடியும், அதை விலையில் கழியுங்கள். மேல்தளமாக இருந்தால் மழை விட்ட மறுநாள் போங்கள். கூரையில் ஒரு மூலைக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் காரணம் கேட்காமல் நகராதீர்கள்.

கேள்வி: வாடகையை வைத்து விலையைச் சரிபார்க்கலாமா?

தாராளமாக. பத்து மாத வாடகையை மட்டும் கணக்கில் எடுங்கள், காலியாகக் கிடக்கும் காலமும் ரிப்பேரும் இருக்கிறதல்லவா? பராமரிப்புக் கட்டணம், வரி கழித்து, விலையால் வகுங்கள். அக்கம்பக்கத்தில் விற்ற வீடுகளைவிடக் குறைவாக வந்தால் விலை அதிகம். புரோக்கர் சொல்லும் வாடகை வேண்டாம், குடியிருப்பவர் கொடுக்கும் வாடகையைக் கேளுங்கள்.

கேள்வி: ரயில் நிலையம் வரப்போகிறது என்று கூட்டிக் கேட்கிறார்கள்.

வேலை தொடங்கிவிட்டதா? இல்லையென்றால் அதற்குக் காசு கொடுக்காதீர்கள். இன்று இருக்கும் சாலைக்கும் இன்று ஓடும் பஸ்ஸுக்கும்தான் விலை. வேலைநாள் காலையில் அந்த வீட்டிலிருந்து உங்கள் அலுவலகத்துக்கு ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.