ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எத்தனை கிலோமீட்டர் தாங்கும்?

கேள்வி: 1,10,000 கி.மீ. ஓடிய ஆட்டோமேட்டிக் கார் ஒன்று விலைக்கு வருகிறது. "இனிமேல் கியர்பாக்ஸ் செலவு வைக்கும்" என்று பயமுறுத்துகிறார்கள். அது உண்மையில் எவ்வளவு காலம் உழைக்கும்?

பதில்: ஓடிய தூரத்தை மட்டும் வைத்து இதைச் சொல்லிவிட முடியாது. ஒழுங்காக ஆயில் மாற்றப்பட்ட டார்க் கன்வெர்ட்டர் வகை (என்ஜின் சக்தியை ஆயில் வழியாகக் கடத்தும் வகை) கியர்பாக்ஸ் இரண்டரை, மூன்று லட்சம் கி.மீ. உழைப்பது சாதாரணம். அதே கியர்பாக்ஸ், ஆயிலைத் தொடாமலே ஓட்டினால் ஒன்றரை லட்சத்துக்குள் படுத்துவிடலாம். அதனால் விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது, கியர்பாக்ஸ் ஆயில் கடைசியாக எப்போது மாற்றினீர்கள், பில் இருக்கிறதா என்பதுதான்.

அடுத்தது, எந்த வகை என்று கேளுங்கள். 'ஆட்டோமேட்டிக்' என்ற ஒரே பெயரில் நான்கு வகை விற்கிறது. டார்க் கன்வெர்ட்டர் வகைதான் இருப்பதிலேயே தாக்குப்பிடிப்பது. சிவிடியில் பற்சக்கரங்களை மாற்றுவதற்குப் பதில் இரண்டு கப்பிகளுக்கு நடுவே ஓர் எஃகு பெல்ட் ஓடுகிறது. ஆயில் கெட்டால் பெல்ட் வழுக்கிக் கப்பியில் கீறல் விழும். பிறகு அதைச் சரிசெய்வது கடினம். டிசிடியில் இரண்டு கிளட்ச். அதிலும் ட்ரை கிளட்ச் (ஆயிலில் நனையாதது) என்றால் நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்தே சூடேறித் தேயும். ஏஎம்டி என்பது மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சை மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் மோட்டாரோ ஹைட்ராலிக்கோ செய்கிறது. அதில் கிளட்ச் தட்டு தேய்வது இயல்பான செலவு. அதைக் கியர்பாக்ஸ் கோளாறு என்று நினைக்க வேண்டாம்.

காரைப் பார்க்கப் போகும்போது என்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஸ்டார்ட் செய்து, பிரேக்கை மிதித்தபடி ஆர் (ரிவர்ஸ்), பிறகு டி (டிரைவ்) போடுங்கள். ஒரு விநாடி அளவில் மெல்லிய அசைவோடு பிடிக்க வேண்டும். இரண்டு, மூன்று விநாடி தாமதித்து 'டப்' என்று அடித்தால் உள்ளே அழுத்தம் குறைகிறது என்று பொருள். பிறகு குறைந்தது அரைமணி நேரம் ஓட்டுங்கள். ஆயில் சூடாகி நீர்த்த பிறகுதான் பல குறைகள் வெளியே வரும். தெருவை ஒரு சுற்று சுற்றிவிட்டு முன்பணம் கொடுப்பதுதான் வாங்குபவர்கள் செய்யும் பெரிய தவறு.

கேள்வி: என் காரின் கையேட்டில், கியர்பாக்ஸ் ஆயிலுக்கு ஆயுள் முழுவதும் மாற்றம் தேவையில்லை என்று இருக்கிறது. மாற்றச் சொல்லும் மெக்கானிக்கை நம்புவதா?

பதில்: இந்த விஷயத்தில் மெக்கானிக்கை நம்புங்கள். பல கார் நிறுவனங்களுக்கு கியர்பாக்ஸ் செய்து தரும் ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனமே, 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள், அல்லது 8 ஆண்டுக்குள் ஆயிலை மாற்றச் சொல்கிறது. அந்தக் கியர்பாக்ஸைப் பொருத்தும் கார்களின் கையேடுகள் சிலவற்றில் மாற்றவே வேண்டாம் என்று இருப்பது வேடிக்கையான முரண்.

இந்த ஆயில் வெறும் வழுக்குப் பொருள் அல்ல. கிளட்ச்களை அழுத்திப் பிடிக்கும் ஹைட்ராலிக் திரவமும் அதுதான், சூட்டை வெளியே கொண்டுபோவதும் அதுதான், கிளட்ச் தட்டு எவ்வளவு வழுக்கி எங்கே பிடிக்க வேண்டும் என்று தீர்மானிப்பதும் அதுதான். 80, 90 டிகிரியில் நன்றாக இருக்கும் ஆயில், 120 டிகிரியைத் தாண்டினால் வேகமாகக் கெடும். மலை ஏற்றம், பாரம் இழுத்தல், நாள்தோறும் நெரிசல் என்றால் மேலே சொன்ன கணக்கையும் குறைத்து, 60,000 கி.மீ.யில் மாற்றுவது நல்லது. சிவிடி, வெட் கிளட்ச் (ஆயிலில் நனைந்தபடி இயங்கும்) டிசிடி இரண்டுக்கும் எப்படி ஓட்டினாலும் 60,000-ஐத் தாண்ட வேண்டாம்.

கேள்வி: 1,40,000 கி.மீ. ஆகிவிட்டது, ஒருமுறைகூட மாற்றவில்லை. இப்போது மாற்றினால் கியர்பாக்ஸ் கெட்டுவிடும் என்கிறார்களே?

பதில்: இப்போது வழுக்கல் (என்ஜின் சத்தம் ஏறியும் வேகம் ஏறாதது) இல்லாமல் ஓடுகிறதென்றால் தாராளமாக மாற்றலாம். ஏற்கெனவே வழுக்கும் கியர்பாக்ஸில் கடைசி முயற்சியாக ஆயில் மாற்றி, அது இரண்டு வாரத்தில் நின்றுபோன கதைகளிலிருந்து வந்த பயம் இது. அங்கே கிளட்ச் முன்பே தேய்ந்துபோயிருந்தது. பழி புது ஆயில் மேல் விழுந்தது.

ஆனால் மிஷின் வைத்து அழுத்தத்தில் கழுவ வேண்டாம். ஆயிலை வடித்து நிரப்பும் முறையே போதும். வடித்தால் முழுவதும் வராது, டார்க் கன்வெர்ட்டர், கூலர் போன்றவற்றுக்குள் பாதிக்குமேல் தங்கிவிடலாம். மொத்தம் 9 லிட்டர் பிடிக்கும் பெட்டியில் 4 லிட்டர் வெளியே வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை மாற்றினால் 44 சதவீதம் புது ஆயில், இரண்டாம் முறை 69, மூன்றாம் முறை 83. இடையில் ஆயிரம் கி.மீ. ஓட்டிவிட்டு அடுத்த முறை மாற்றுங்கள்.

பக்கத்தில் நின்று கவனிக்க வேண்டியவை: வடிகால் போல்ட்டுக்கு முன்னால் நிரப்பும் போல்ட் கழல்கிறதா என்று பார்க்க வேண்டும். அது இறுகிப்போயிருந்தால் ஆயிலை வடித்துவிட்டு நிரப்ப வழியில்லாமல் நிற்க வேண்டியதுதான். அடிச்சட்டியிலுள்ள காந்தத்தில் சாம்பல்நிறப் பசை ஒட்டியிருப்பது இயல்பு. விரலில் குத்தும் உலோகத் துண்டுகள் இருந்தால் உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது. ஆயில் கறுத்துக் கருகிய வாடை அடித்தால் கிளட்ச் எரிந்திருக்கிறது. பால் கலந்த இளஞ்சிவப்பு என்றால் ரேடியேட்டர் வழியாகக் கூலண்ட் கலந்துவிட்டது, காரை நகர்த்தவே கூடாது.

அளவு பார்ப்பது பெரும்பாலான கார்களில் என்ஜின் ஓடும்போது, கையேடு சொல்லும் ஆயில் சூட்டில்தான். ஆயிலும் கையேட்டில் உள்ள அதே ரகம் வேண்டும். 'எல்லாவற்றுக்கும் ஒத்துவரும்' என்று டப்பாவில் போட்டிருப்பதை நம்பாதீர்கள். சிவிடியில் சாதாரண ஆட்டோமேட்டிக் ஆயில் ஊற்றினால் பெல்ட் பிடிமானத்தை இழக்கும்.

கேள்வி: சிக்னலில் நியூட்ரல் போட வேண்டுமா? சரிவில் நிறுத்தும்போது பி போட்டால் போதுமா?

பதில்: சிக்னலில் டியிலேயே வைத்துப் பிரேக்கை மிதித்தால் போதும். சரிவில் பி (பார்க்) மட்டும் போடக் கூடாது. காரின் எடை முழுவதும் உள்ளே ஒரு சிறு கொக்கியில் தொங்கும். பிரேக்கை மிதித்து, நியூட்ரலுக்கு மாற்றி, ஹேண்ட் பிரேக் இழுத்து, கால் பிரேக்கை விட்டுக் கார் ஹேண்ட் பிரேக்கில் நிற்கிறதா என்று பார்த்து, திரும்ப மிதித்துக்கொண்டு பி போடுங்கள். ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்துக் காரைத் தாங்கி நிறுத்துவது, நிற்கும் முன்பே ஆரிலிருந்து டிக்கு மாற்றுவது இரண்டும் கியர்பாக்ஸைக் கெடுக்கும். கார் பழுதானால், என்ஜின் சுழற்றும் சக்கரங்கள் தரையில் உருளும்படி இழுத்துச் செல்ல விடாதீர்கள். என்ஜின் நின்றால் ஆயில் பம்ப்பும் நின்றுவிடும்.

கேள்வி: 70 கி.மீ. வேகத்தில் கார் அதிர்கிறது. கியர்பாக்ஸையே மாற்ற வேண்டும் என்கிறார்கள்.

பதில்: அவசரப்பட்டு ஒப்புக்கொள்ளாதீர்கள். சீரான வேகத்தில், மேடு பள்ளக் கோடுகள் மேல் ஓடுவதுபோல் அதிர்ந்தால் பெரும்பாலும் காரணம் டார்க் கன்வெர்ட்டரின் லாக்-அப் கிளட்ச் (சீரான வேகத்தில் என்ஜினையும் கியர்பாக்ஸையும் நேரடியாகப் பூட்டுவது); ஆரம்ப நிலையில் ஆயில் மாற்றினாலே சரியாகிவிடுவதுண்டு. என்ஜின் ஒரு சிலிண்டரில் எரியாமல் விட்டாலும் இதே உணர்வு வரும். ஸ்கேன் செய்து பி0700 என்ற கோளாறு கோட் வந்தது என்று மட்டும் சொன்னால் போதாது. கியர்பாக்ஸ் கணினியில் வேறு கோளாறு பதிவாகியிருக்கிறது என்பதை மட்டுமே அது சொல்லும். அந்த வேறு கோட் என்ன என்று கேளுங்கள். என்ஜின் சத்தம் ஏறியும் வேகம் ஏறாமல், அதுவும் எல்லா கியரிலும் வழுக்கினால் ஆயில் குறைவு அல்லது பம்ப். ஒரே கியரில் மட்டும் என்றால் அதற்கான கிளட்சோ சொலினாய்டோ (ஆயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் மின் வால்வு) காரணம். அடிச்சட்டியைக் கழற்றிப் பார்க்காமல் முழுதாக மாற்றச் சொல்பவரிடம் காரை விடாதீர்கள்.

மாற்றியே ஆக வேண்டுமானால், ஆயில் கூலரையும் அதன் குழாய்களையும் சுத்தம் செய்வதையோ புதிதாகப் போடுவதையோ மதிப்பீட்டிலேயே எழுதி வாங்குங்கள். பழைய பெட்டியின் உலோகத் துகள்கள் அங்கேதான் தங்கியிருக்கும். புதுப் பெட்டிக்குள் முதல் நாளே அவை போய்ச் சேரும்.