சாவி உங்கள் வீட்டில்தானே இருக்கிறது?

கேள்வி: எங்கள் ஊர் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு கிளைக் கிராமம். நாற்பது வீடுகள், எல்லாரும் கத்தோலிக்கர். பங்குத்தந்தை ஒருவருக்கு எங்களையும் சேர்த்து ஏழு ஊர்கள். எங்களுக்கு மாதத்தில் இரண்டாவது ஞாயிறு மாலை மட்டும்தான் பூசை. மற்ற ஞாயிறுகளில் கோயில் பூட்டித்தான் கிடக்கும். என் மாமனார் ஊரில் ஜெபம் நடத்தும் உபதேசியாராக இருந்ததால் சாவி எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. பூசைக்கு முந்தின நாள் திறந்து, வௌவால் எச்சத்தை அள்ளிக் கழுவிவிடுவேன். ஏழு மாதம் படுக்கையில் கிடந்த என் மாமியார் சென்ற ஆண்டு இறந்தார்கள். இரவு பதினொரு மணிக்குச் சாமியாருக்குப் போன் செய்தோம். அவர் வேறொரு ஊர்த் திருவிழாவில் இருந்தார். வந்து சேர்வதற்குள் உயிர் போய்விட்டது. சாமியார் எண்ணெய் பூசி ஜெபிக்கும் நோயில்பூசுதல் பெறாமலே போய்விட்டார்களே என்ற வருத்தம் இன்னும் ஆறவில்லை. நம் ஊரில் பிறந்த சாமியார்கள் ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் போகிறார்கள். நமக்கு ஆள் இல்லை. என் கணவர் திருப்பூரில் வேலை பார்க்கிறார். நான் பி.ஏ. தமிழ் படித்துவிட்டு, இரண்டு பிள்ளைகளுடன் இங்கே இருக்கிறேன். பக்கத்து வீட்டு அக்கா மெயின் ரோட்டில் உள்ள ஜெபக்கூடத்துக்குக் கூப்பிடுகிறார். அங்கே தினமும் ஜெபம் உண்டு, பிள்ளைகளுக்கும் பிடித்திருக்கிறது. அங்கே போகலாமா, அல்லது வேறு சாமியார் கேட்டு ஆயரிடம் மனுக் கொடுக்கலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: ஆயரையும் ஜெர்மனியையும் பிறகு பார்க்கலாம், சகோதரி. சாவி எங்கள் வீட்டில்தான் இருக்கிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

கோயில் பூட்டிக் கிடக்கிறது என்கிறீர்கள். பூட்டியது யார்? பங்குச்சாமியார் பூட்டச் சொன்னாரா? ஆயர் உத்தரவு போட்டாரா? இருவரும் இல்லை. மாதத்தில் மூன்று ஞாயிறு, சில மாதங்களில் நான்கு ஞாயிறு, அந்தக் கதவைத் திறக்காமல் வைத்திருப்பது நீங்களும் உங்கள் நாற்பது வீட்டுக்காரர்களும்தான். சாமியார் வருவதற்கு முந்தின நாள் மட்டும் திறக்கிறீர்கள். ஒரு மாதத்து வௌவால் எச்சம் அப்போதுதானே சேர்ந்திருக்கும்? வாரந்தோறும் ஆள் புழங்கும் கோயிலில் அள்ளிக் கழுவும் அளவுக்கு அது சேராது.

குருக்கள் போதவில்லை என்ற குறை எனக்குப் புதிதல்ல. கிளைக் கிராமங்களிலிருந்து வரும் கடிதங்களில் பாதி இதைத்தான் சொல்கின்றன. குறை உண்மை. ஒரே மனிதர் ஞாயிறு காலையில் பங்குத் தலைமைக் கோயிலில் பூசை வைத்து, வெயிலில் பைக்கில் இரண்டு ஊர்களுக்குப் போய்விட்டு, மாலையில் உங்கள் ஊருக்கு வந்து நிற்கிறார். ஏழு ஊர்களின் கல்யாணமும் சாவும் திருவிழாவும் அவர் தலையில்தான். அவர் சோம்பேறி என்றோ கடுகடுப்பானவர் என்றோ ஒரு வார்த்தை உங்கள் கடிதத்தில் இல்லை. பிறகு எதற்காக வேறு சாமியார்? வருகிறவருக்கும் அதே ஏழு ஊர்கள்தானே.

உங்கள் மாமனார் காலத்தை நினைத்துப் பாருங்கள். ஊரில் பெரியவர்கள் யாராவது இருந்தால், அன்றைக்கு எத்தனை பூசை நடந்தது என்று கேளுங்கள். சாமியார் சைக்கிளில் வந்த அந்த நாட்களில் இப்போதைவிட அடிக்கடி வந்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் உபதேசியார் இருந்த ஊரில் ஞாயிறு காலை மணி அடித்தது. அவர் ஜெபமாலை சொன்னார். பிள்ளைகளை உட்கார வைத்து மந்திரங்களைச் சொல்லிக்கொடுத்தார். பச்சைக் குழந்தை சாகக் கிடந்தால் ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தார். சாவு வீட்டில் முன்னால் நின்று ஜெபம் சொல்லிக் கல்லறை வரை கூட்டிக்கொண்டு போனார். இத்தனையும் அந்தச் சாவியோடு சேர்ந்தவை. நீங்கள் சாவியை மட்டும் எடுத்துக்கொண்டீர்கள். சொத்தில் பங்கு வாங்குகிறவர்கள் கடனிலும் பங்கு வாங்கத்தான் வேண்டும்.

நான் பெண்ணாயிற்றே, உபதேசியார் வேலை என்னுடையதா என்று கேட்பீர்கள். ஆம், உங்களுடையதுதான். 2021-ல் திருத்தந்தை பிரான்சிஸ் சட்டத்தைத் திருத்தி, வழிபாட்டில் வேதம் வாசிக்கும் வாசகர், பீடத்தில் குருவுக்கு உதவும் பீடத்துணைவர் என்ற பணிகளைப் பெண்களுக்கும் முறைப்படி திறந்துவிட்டார். அதே ஆண்டு மே மாதம் உபதேசியார் பணியையும் திருச்சபையின் நிலையான பணியாக ஏற்படுத்தினார்; அதுவும் ஆண் பெண் இருபாலாருக்கும் உரியது. பி.ஏ. தமிழ் படித்தவர் நீங்கள். எசாயா ஆகமத்தைத் தடுமாறாமல் வாசிக்க உங்கள் ஊரில் உங்களைவிட யார் இருக்கிறார்கள்?

குரு இல்லாத ஞாயிற்றுக்கு என்ன செய்வது என்று திருச்சபை யோசிக்காமல் இல்லை. குரு இல்லாததாலோ வேறு பெரிய காரணத்தாலோ திருப்பலியில் பங்கெடுக்க முடியாதபோது, இறைவார்த்தை வழிபாட்டில் கலந்துகொள்ளவும், தனியாகவோ குடும்பமாகவோ பல குடும்பங்கள் சேர்ந்தோ ஜெபத்தில் நேரம் செலவிடவும் 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1248-ஆம் எண் வலியுறுத்துகிறது. இத்தகைய ஞாயிறு வழிபாடுகளுக்காகவே 1988-ல் உரோமையிலிருந்து தனி வழிகாட்டி வெளிவந்தது. அமேசான் காட்டு ஊர்களைப் பற்றி 2019-ல் உரோமையில் ஆயர்கள் கூடிப் பேசினார்களே, அங்கே பூசைக்காக மாதக்கணக்கில், சில இடங்களில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அந்தக் காத்திருப்பில் வழிபாட்டை நடத்தி ஊரைச் சேர்த்து வைத்திருப்பவர்களில் பெரும்பகுதி பெண்கள்தான். உங்களுக்கு மாதம் ஒரு பூசை கிடைக்கிறது.

அவ்வளவு தொலைவு போவானேன்? நீங்கள் இருப்பது இயேசு சபைக் குருவான புனித அருளானந்தர் இரத்தம் சிந்திய மண். 1693-ல் ஓரியூரில் அவர் தலை வெட்டப்பட்டது. அதற்கு முன் 1686-ல் மறவர் நாட்டில் அவர் பிடிபட்டபோது, கூடவே பிடிபட்டு அடிபட்டவர்கள் அவருடைய உபதேசியார்கள். அந்தக் காலத்து மதுரை மிஷனில் ஒரு குரு எத்தனை காத தூரம் நடந்து எத்தனை ஊர்களைப் பார்த்திருக்க முடியும்? அவர் ஒரு முறை வந்துபோய் மறுமுறை வரும்வரை விசுவாசத்தைக் காத்து வைத்தவர்கள் ஊர்க்காரர்களும் உபதேசியார்களும்தான். பிப்ரவரி மாதம் ஓரியூருக்குப் போய்ச் செம்மண் எடுத்து வருகிறவர்கள் உங்கள் ஊரிலும் இருப்பார்கள். அந்த மண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு, சாமியார் வராததால் ஞாயிறு ஜெபம் இல்லை என்று சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வருகிறது?

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1542-ல் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது, அங்கே ஊர் ஊராக ஞானஸ்நானம் பெற்றவர்கள் சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் இருந்தார்கள். அவர் மந்திரங்களைத் தமிழில் மனப்பாடம் செய்தார். ஒவ்வோர் ஊரிலும் அதன் படி ஒன்றை எழுதி வைத்தார். தினமும் சொல்லச் சொன்னார். ஊரைக் கூட்டி ஜெபம் சொல்ல ஆட்களை ஏற்படுத்தினார். நோயாளிகளைப் பார்க்க எல்லா வீடுகளிலிருந்தும் அழைப்பு வந்தது. தனி ஆளால் முடியவில்லை. அப்போது என்ன செய்தார் தெரியுமா? மந்திரம் தெரிந்த சிறுபிள்ளைகளை நோயாளிகளின் வீடுகளுக்கு அனுப்பினார். அந்தப் பிள்ளைகள் வீட்டாரையும் அக்கம்பக்கத்தாரையும் கூட்டி, விசுவாச மந்திரத்தைச் சொல்ல வைத்து, நோயாளிக்காக வேண்டினார்கள். இதை அவரே 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் சொல்லியிருக்கிறார்.

இதைச் சொல்லிவிட்டுத்தான் உங்கள் மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். வருத்தம் ஆறவில்லை என்கிறீர்கள். ஆற வேண்டாம். ஏழு மாதம் அந்த அம்மா படுக்கையில் இருந்தார்கள். அந்த ஏழு மாதத்தில் ஏழு இரண்டாம் ஞாயிறுகள் வந்து போயிருக்கும். அத்தனை முறையும் பங்குத்தந்தை உங்கள் ஊருக்கு வந்து பூசை வைத்திருப்பார். நீங்களும் கதவைத் திறந்து வைத்து, பூசை முடிந்ததும் மறுபடி பூட்டிச் சாவியை வீட்டுக்கு எடுத்து வந்திருப்பீர்கள். ஒரு ஞாயிறாவது, சாமி, வீட்டுக்கு வந்து அம்மாவுக்குப் பூசிவிட்டுப் போங்கள் என்று கேட்டீர்களா? கேட்டிருந்தால் எழுதியிருப்பீர்கள். கடைசி மூச்சு இழுக்கும்போதுதான் அழைக்க வேண்டும் என்று உங்களுக்கு யார் சொன்னது? நோயாலோ முதுமையாலோ ஒருவர் உயிருக்கு ஆபத்தான நிலையை அடையத் தொடங்கும்போதே இதைப் பெறத் தகுந்த காலம் வந்துவிட்டது என்று உலகத்து ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-லேயே சொல்லிவிட்டது. நோய் முற்றினால் மறுபடியும் பெறலாம். சாமியார் வீட்டுக்குள் வந்து பூசினால் அம்மா பயந்துவிடுவார்கள், ஊர் என்ன பேசும் என்று தள்ளிப்போட்டிருப்பீர்கள். எல்லாக் குடும்பங்களும் இப்படித்தான் தள்ளிப்போடுகின்றன. இரவு பதினொரு மணிக்கு வேறு ஊரில் தேர்பவனியில் நின்றிருந்தவர்மேல் பழியைப் போடாதீர்கள்.

கடைசி இரவில் அவர் வரும்வரை அந்த அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து ஜெபமாலை சொன்னது யார் என்றும் உங்கள் கடிதத்தில் இல்லை. உபதேசியார் மனைவி அவர்கள். எத்தனை சாவு வீடுகளில் இரவெல்லாம் விழித்திருந்து ஜெபம் சொல்லியிருப்பார்கள்.

இப்போது உங்கள் ஊரில் வேறு யார் படுக்கையில் இருக்கிறார்கள்? நாற்பது வீடுகளில் நான்கு பேராவது இருப்பார்கள். பெயர்களை எழுதி, அடுத்த இரண்டாம் ஞாயிறு சாமியார் பைக்கை நிறுத்தும்போதே கையில் கொடுங்கள். பூசைக்கு முன்னால் ஒவ்வொரு வீட்டுக்கும் நீங்களே அழைத்துப் போங்கள். நடுவில் வரும் வாரங்களில் உங்கள் பிள்ளைகளோடு இன்னும் நான்கு பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு அந்த வீடுகளில் போய் உட்கார்ந்து ஜெபம் சொல்லுங்கள்.

ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கோயிலைத் திறங்கள். பெருக்குங்கள். மணி அடியுங்கள், மூன்று பேர் வந்தாலும் சரி. சிலுவை அடையாளம் போட்டு ஒரு பாட்டு. பிறகு அன்றைய முதல் வாசகம், பதிலுரைப் பாடல், இரண்டாம் வாசகம், நற்செய்தி. நற்செய்திக்குப் பிறகு கொஞ்ச நேரம் அமைதியாக இருங்கள். நீங்களாகப் பிரசங்கம் செய்யப் புறப்பட வேண்டாம். சாமியார் குறிப்பு எழுதிக் கொடுத்தால் அதை வாசியுங்கள். பிறகு ஊருக்காக மன்றாட்டு: நோயாளிகளின் பெயர், பரீட்சை எழுதும் பிள்ளைகளின் பெயர், திருப்பூரிலும் சென்னையிலும் வளைகுடாவிலும் கிடந்து உழைக்கும் உங்கள் வீட்டு ஆண்களின் பெயர், எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். கர்த்தர் கற்பித்த ஜெபத்தைச் சேர்ந்து சொல்லி முடியுங்கள். நற்கருணை வழங்குவது பற்றி நீங்களாக எதுவும் முடிவு செய்ய முடியாது. ஏற்ற ஒருவரைத் தேர்ந்து அனுமதி பெற்றுத் தருவது பங்குத்தந்தையின் பொறுப்பு, கேளுங்கள். திருப்பலிக்கு இது ஈடாகாது. இரண்டாம் ஞாயிற்றுப் பூசைக்கான பசி இதனால் கூட வேண்டும். வழிபாடுதான் ஆகிவிட்டதே என்று யாரும் அன்று வீட்டில் தங்கிவிடக் கூடாது.

ஜெபக்கூடத்தைப் பற்றிக் கேட்டீர்கள். போக வேண்டாம் என்பதுதான் என் பதில். அங்கே ஜெபிக்கிறவர்கள்மேல் எனக்குக் குறை இல்லை. தினமும் கதவைத் திறந்து, வருகிறவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உட்கார வைக்கிறார்கள். உங்கள் பிள்ளைகளுக்குப் பிடித்ததும் அதுதான். அதைச் செய்ய அவர்களுக்குக் குருப்பட்டம் தேவைப்படவில்லை, உங்களுக்கும் தேவையில்லை. தாத்தா உபதேசியாராக இருந்த கோயில் பூட்டிக் கிடக்க, பேரப்பிள்ளைகள் மெயின் ரோட்டில் போய் ஜெபம் படிப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இரவு விளக்கு வைத்ததும் உங்கள் வீட்டில் குடும்ப ஜெபம் நடக்கிறதா? அதைப் பற்றியும் நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. கணவர் ஊருக்கு வரும் நாட்களில் அவரையே முன்னால் நின்று ஜெபம் சொல்ல வையுங்கள். அப்பா ஜெபம் சொல்லிக் கேட்காமல் ஒரு பையன் வளரக் கூடாது.

ஜெர்மனிக்குப் போகிறார்கள் என்பது உண்மை. அதில் எனக்கும் மனத்தாங்கல் உண்டு. கிளைக் கிராமங்கள் காத்திருக்கும்போது அனுப்புகிறவர்கள் யோசித்துத்தான் அனுப்ப வேண்டும். ஆனால் அருளானந்தர் லிஸ்பனில் பிறந்தவர் என்பதையும் நாம் மறக்கக் கூடாது. அதோடு, அன்றைக்கு ஒரு வீட்டில் ஆறு பிள்ளைகள். ஒருவனைக் குருமடத்துக்குக் கொடுத்தார்கள். இன்று ஒன்று, இரண்டு. அந்த ஒருவனையும் இன்ஜினீயர் ஆக்கிவிட்டுச் சாமியார் இல்லையே என்கிறோம்.

ஆயருக்கு மனுவும் கொடுங்கள், வேறு சாமியார் கேட்டு அல்ல. எங்கள் ஊரில் இரண்டு பேர் உபதேசியார் பயிற்சிக்கு ஆயத்தமாக இருக்கிறோம், எங்கே எப்போது அனுப்பலாம் என்று கேளுங்கள். முதல் பெயர் உங்களுடையதாக இருக்கட்டும். இரண்டாவது பெயருக்கு ஓர் ஆணைத் தேடுங்கள்; இல்லாவிட்டால் நாளைக்கு எல்லாச் சுமையும் பெண்கள் தலையில் விழுந்துவிடும். மனுவை நேராக அனுப்பாதீர்கள். பங்குத்தந்தையிடம் காட்டி, அவர் கையெழுத்தோடு அனுப்புங்கள்.

அவரிடம் பேச இரண்டாம் ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம். இன்றே போன் செய்து, வரும் ஞாயிறு வழிபாடு நடத்தப்போகிறோம் என்று சொல்லி, அன்றைய வாசகங்கள் எவை என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.